கையால் ஊட்டுவதா, டியூபா: முற்றிய டிமென்ஷியாவில் எது நல்லது?

டிமென்ஷியா எனும் மறதி நோய் முற்றிய நிலையில் அம்மாவோ அப்பாவோ சோற்றை வாயிலேயே அடக்கி வைத்திருப்பார். விழுங்கினால் புரை ஏறும். உடனே டியூப் வழியாக உணவு கொடுக்கும் பேச்சு எழும். அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். பல்வலி, வாயில் பூஞ்சை, மலச்சிக்கல், தொற்று, தூக்க மருந்து என எதுவும் சாப்பாட்டை நிறுத்தலாம். மறதிக்குத் தரும் டோனெபெசில்கூடப் பசியைக் குறைக்கும். இவற்றைச் சரிசெய்தும் மாறவில்லை என்றால்தான் முடிவெடுக்கும் கட்டம்.

மூக்கு வழியாகப் போடும் ரைல்ஸ் டியூபைப் படுக்கையிலேயே போட்டுவிடலாம், செலவும் குறைவு. ஆனால் அது எதற்கென்று அவருக்குப் புரியாது, பிடுங்குவார். பிறகு கைகளைக் கட்டுவார்கள். இந்த வழியிலேயே மிகக் கொடுமையானது அதுதான். டியூபில் ஊட்டும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். ஒரு வேளைக்குச் சுமார் 200 மில்லி, முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர். வடிகட்டாத கஞ்சியும் சரியாகப் பொடிக்காத மாத்திரையும் அடைத்துக்கொள்ளும். டியூபில் மூக்கருகே போட்ட குறி வெளியே நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றாதீர்கள்.

பெக் டியூபை எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் கேமராக் குழாய் விடுவது) மூலம், வயிற்றில் சிறு துளையிட்டு நேரே இரைப்பையில் பொருத்துவார்கள். மூக்கு உறுத்தாது, மாதக்கணக்கில் தாங்கும். துளையைச் சுற்றிச் சீழ் பிடிக்கலாம். கழன்று விழுந்தால் சில மணி நேரத்திலேயே துளை மூடத் தொடங்கும்.

டியூப் இருந்தால் புரை ஏறாது என்பது தவறான நம்பிக்கை. எச்சில் அப்போதும் நுரையீரலுக்குள் இறங்கும், வயிற்றில் இருப்பதும் எதுக்களிக்கும். முற்றிய டிமென்ஷியாவில் டியூப் ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆய்வுகள் காட்டவில்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-இல் டியூபைப் பரிந்துரைக்காமல், கவனமாகக் கையால் ஊட்டுவதையே முன்வைத்தது. எங்கள் முடிவும் அதுவே. குணமாகக்கூடிய ஒரு நோயால் சில நாள் மட்டும் விழுங்க முடியாமல் போனால் ரைல்ஸ் போடலாம். எந்தத் தேதியில் எடுப்பது என்பதை அன்றே மருத்துவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். போட்டதை எடுக்க ஒரு வீட்டுக்கு மனம் வருவது, போடாமல் இருப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

கையால் ஊட்டுவதும் எளிதல்ல. ஒரு வேளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், எடை குறையும், புரையேறும் ஆபத்தும் முழுவதும் நீங்காது. நன்றாக விழித்திருக்கும் நேரம் பார்த்து, நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, அரை டீஸ்பூன் கொடுங்கள். தொண்டை ஏறி இறங்கிய பிறகே அடுத்த வாய். பருக்கை மிதக்கும் ரசம் சாதம் ஆபத்து, உதிரும் இட்லியும் அப்படித்தான். குழைய மசித்த தயிர்சாதம், கேழ்வரகுக் கூழ் நல்லது. சிரிஞ்சால் வாய்க்குள் பீய்ச்சாதீர்கள். இருமினாலோ, குரல் கரகரத்தாலோ, முகத்தைத் திருப்பினாலோ நிறுத்திவிடுங்கள். ஆறு கரண்டிதான் இறங்கியது என்றாலும் போதும். தினமும் இரண்டு முறை வாயைச் சுத்தம் செய்வதும் நிமோனியாவைக் குறைக்க உதவும்.

“பட்டினி போட்டுவிட்டாயே” என்று உறவினர் கேட்கத்தான் செய்வார்கள். கடைசி நாட்களில் உடலே பசியை விட்டுவிடும். அவரை வருத்துவது வாய் வறட்சி. நனைத்த பஞ்சால் வாயைத் துடைத்து, உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கடைசியாகப் பால் ஊற்றும் வழக்கமுள்ள வீடுகளில், கரண்டியால் ஊற்றாமல் விரல் நுனியில் தொட்டு உதட்டில் வையுங்கள். விழுங்க முடியாதவருக்கு ஊற்றிய பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.