மும்பையில் பழைய மைல்கற்களும் சாலைப் பலகைகளும்: பல வருடப் படமெடுப்பு அனுபவம்

மாட்டுங்காவில் குடியிருந்துகொண்டு பல வருடங்களாகப் பழைய சாலைப் பலகைகளையும் மைல்கற்களையும் படம் எடுத்து வருகிறேன். இதற்குப் பெரிய கேமரா வேண்டுமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வேண்டாம், போனே போதும். வைட் லென்ஸை மட்டும் தொடாதீர்கள். பலகையின் ஓரம் இழுத்துக்கொண்டு போகும். நாலடி பின்னால் போய் இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் எழுத்து நேராக நிற்கும்.

எனக்கு மிகப் பிடித்தவை கருங்கல் மைல்கற்கள். ஃபோர்ட்டில் ஹார்னிமன் சர்க்கிள் பக்கம் 1718-ல் திறந்த செயின்ட் தாமஸ் தேவாலயம் இருக்கிறதல்லவா, அங்கிருந்து தூரம் அளந்து ஆங்கிலேயர் காலத்தில் நட்டவை இவை. (சர்ச்கேட் என்ற கோட்டை வாசலின் பெயரும் அந்தத் தேவாலயத்தால் வந்ததுதான். கோட்டைச் சுவரை 1860-களில் இடித்துவிட்டார்கள். வாசலின் பெயர் ஸ்டேஷனில் நிற்கிறது.) கல்லில் ரோமன் எண், அதன் கீழே தேவாலயத்தின் பெயர். காலபாதேவி, பரேல், தாதர் என்று வடக்கே போகப் போக எண் கூடும். சாலையை மேலே மேலே உயர்த்தியதில் சில கற்கள் புதைந்துபோய், பிற்பாடு தோண்டி நிறுத்தப்பட்டன.

கல்லுக்கு வெளிச்சம்தான் எல்லாம். உச்சி வெயிலில் எழுத்தே தெரியாது. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு வெட்டும் நிழல் பிடித்து எழும்பி வரும். மரநிழலில் இருக்கும் கல் என்றால் கூட வருபவரிடம் டார்ச்சைக் கொடுத்து, கல்லை ஒட்டிப் பக்கத்திலிருந்து அடிக்கச் சொல்லுங்கள். பெயின்ட்டைச் சுரண்டிப் பார்க்கவே கூடாது.

இப்படி ஒரு கல்லின் மேல் சைக்கிளைச் சாய்த்துவிட்டு இட்லி விற்றுக்கொண்டிருந்தார் திருநெல்வேலிக்காரர் ஒருவர். "அண்ணாச்சி, அந்தக் கல்லப் படம் எடுத்துக்கட்டுமா?" என்றேன். "இதையா தம்பி? நான் முனிசிபாலிட்டி எல்லைக்கல்லுன்னுல்ல நெனச்சேன்!" சைக்கிளை நகர்த்தப் போனவரை அப்படியே நிற்கச் சொல்லியும் ஒன்று எடுத்தேன். என் தொகுப்பில் அதுதான் சிறந்த படம் என்பேன். எழுத்தை மட்டும் எடுத்தால் அந்தக் கல் எங்கே, எந்த மாதிரித் தெருவில் நின்றது என்று பின்னால் யாருக்குமே தெரியாது. அதனால் தெருவோடு ஒன்று, நேராக ஒன்று, எழுத்துக்கு அருகில் ஒன்று என எடுப்பதே என் வழக்கம்.

தகரப் பலகைகளில் சுவை வேறு. ஆண்டு எழுதியிருக்காது, ஆனால் பெயரே காலத்தைச் சொல்லிவிடும். 'பம்பாய்' என்றிருந்தால் பெரும்பாலும் 1995-க்கு முந்தியது. 'வி.டி.' (விக்டோரியா டெர்மினஸ், இன்றைய சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் ஸ்டேஷன்) என்று அம்புக்குறி போட்டிருந்தால் பெரும்பாலும் 1996-க்கு முன். எல்ஃபின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன் பிரபாதேவி ஆனது 2018-ல். நெடுஞ்சாலை எண்களை 2010-ல் மாற்றினார்கள். டெல்லி போகும் பழைய 8 இப்போது 48. எனாமல் பலகையில் துரு பெரும்பாலும் ஆணித் துளையில்தான் தொடங்குகிறது, அதனால் அதே பலகையை வருடா வருடம் போய் எடுக்கிறேன். திடீரென்று ஒரு நாள் புதுப் பலகை வந்துவிடும், பழையது காயலான் கடைக்குப் போயிருக்கும்.

ஒளி திருப்பும் தாள் ஒட்டிய பச்சைப் பலகைக்கு ஃபிளாஷ் போடாதீர்கள், எழுத்து வெளுத்துப்போகும். கடற்படைச் சுவர் ஓரங்களில் போனை எடுக்கவே வேண்டாம்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு இடக் குறிப்பும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். தெருப் பெயர், பக்கத்துக் கடை, தேதி மூன்றையும் அன்றைக்கே ஃபைல் பெயரில் எழுதிவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் காலபாதேவியில் ஆரம்பிக்கலாம். ஞாயிறு காலையில் போங்கள். மற்ற நாளில் கைவண்டிகளுக்கு நடுவே கல்லுக்கு எதிரே நிற்கக்கூட இடம் கிடைக்காது.