படுக்கையறை மூலையில் ஒரு மர மேசை: சில ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகு

இயற்கைப் பாணி வேலை மூலைகளின் படங்கள் எல்லாமே முதல் நாளில் எடுத்தவை. பலகை பளபளக்கும், இலையில் தூசு இருக்காது, வயர் ஒன்றுகூடக் கண்ணில் படாது. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அதே மேசையில் முழுநேரம் உட்கார்ந்து வேலை பார்த்தவர் என்ன சொல்கிறார் என்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அப்படி யாரும் அகப்படாததால் என் மூலையைப் பற்றி நானே எழுதிவிடுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மேசை தேறியது, விளக்குகள் தேறின, செடிகள் பாதி தேறின. பிரம்பு நாற்காலியும் சணல் விரிப்பும் இப்போது அந்த மூலையில் இல்லை.

இடம் பெரிதாக ஒன்றுமில்லை. படுக்கையறையின் ஓரம், சுவரை ஒட்டி 120 செ.மீ. நீளம், சுவரிலிருந்து கட்டில் விளிம்புவரை ஒன்றரை மீட்டர். இதில் மேசைக்கு 60 செ.மீ. போனால் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்திருக்க 90 செ.மீ. மிஞ்சும். அது போதும். மேசையின் அகலத்தை 45 செ.மீ. ஆகக் குறைத்து இடத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று பலர் நினைப்பார்கள். வேண்டாம். மானிட்டர் கண்ணிலிருந்து ஒரு கை நீளமாவது தள்ளி இருக்க வேண்டும். குறுகிய பலகையில் அது மூக்குக்கு அருகில் வந்து நிற்கும், கீபோர்டுக்கு முன்னால் மணிக்கட்டு வைக்கவும் இடம் இருக்காது. சிறிய இடத்தில் நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம், அகலத்தில் கை வைக்கக் கூடாது.

இந்த மூலையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் மரமும் அல்ல, செடியும் அல்ல. ஜன்னல் இடப்பக்கம் இருப்பதுதான். ஜன்னலுக்கு நேர் எதிரே உட்கார்ந்தால் திரைக்குப் பின்னால் வெளிச்சம் கொட்டும், கண் சோர்ந்துபோகும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் திரையில் ஜன்னலே தெரியும். பக்கவாட்டு வெளிச்சத்தில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. வலக்கையால் எழுதுகிறவருக்கு இடப்பக்க ஜன்னல் கூடுதல் வசதி, கையின் நிழல் தாளில் விழாது. மேகம் மூடிய பகலிலும் வெளியே 10,000 லக்ஸ் அளவில் வெளிச்சம் இருக்கும் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ்). அதில் ஒரு சிறு பங்கு ஜன்னலோரத்துக்கு வந்தாலே அலுவலக வேலைக்குத் தேவையானது கிடைத்துவிடுகிறது. படிக்க, எழுத, தட்டச்சு செய்ய ஐரோப்பிய விளக்கொளித் தர அளவை இ.என். 12464-1 கேட்பது 500 லக்ஸ்தான். மெல்லிய பருத்தித் திரை ஒன்று போட்டிருக்கிறேன். நேர்வெயிலை அது மட்டுப்படுத்துகிறது, வெளிச்சத்தை உள்ளே விடுகிறது.

இரவுதான் சிக்கல். இதமான சூழல் என்றால் மஞ்சள் வெளிச்சம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 2700 கெல்வின் பல்பு (கெல்வின் எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும்) ஒன்றை மட்டும் ஏற்றிப் பாருங்கள்: மரம் தேன் நிறத்தில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் இருட்டுக்கு நடுவே திரை மட்டும் கண்ணைக் குத்தும். இப்போது இரண்டு விளக்குகள். மேசைமேல் வளைகழுத்து டேபிள் லேம்ப், 4000 கெல்வின், கைவேலை இருக்கும்போது மட்டும். மானிட்டருக்குப் பின்னால் சுவரை நோக்கித் திருப்பிய இன்னொன்று, 2700 கெல்வின், பொழுது சாய்ந்ததிலிருந்து எரியும். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் திரைக்கும் பின்னணிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைத்துவிடுகிறது. பல்பு வாங்கும்போது அட்டையில் சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு, நூற்றுக்கு) 90 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மட்டமான எல்இடியில் நல்ல தேக்கும் சாம்பல் பூத்தாற்போல்தான் தெரியும். மரத்துக்குச் செலவழித்துவிட்டு பல்பில் சிக்கனம் பார்ப்பதில் அர்த்தமில்லை.

மேசைப் பலகை தேக்கு. முழு மரம், எண்ணெய் மட்டும் பூசியது. வார்னிஷ் வேண்டாம் என்று சொல்லித்தான் செய்தேன். வார்னிஷ் மேல்பூச்சில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது கடினம். எண்ணெய்ப் பூச்சில் அப்படியில்லை. சூடான டம்ளர் வைத்து வெள்ளை வளையம் விழுந்த இடத்தை மரவரியின் போக்கிலேயே நயமான உப்புத்தாளால் தேய்த்து, ஒரு துளி எண்ணெய் விட்டுத் துடைத்தேன். மறுநாள் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இதற்கு விலையாகக் கேட்பது ஆண்டுக்கொரு முறை எண்ணெய் பூசுவதும், சிந்திய நீரை உடனே துடைப்பதும்தான். ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். அந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து இறுகும்போது வெப்பம் வெளிவரும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால், நெருப்புப் படாமலேயே அது தானாகத் தீப்பிடிக்கக்கூடும். துணியை விரித்து வெளியில் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள்.

முழு மரம் ஈரக் காலத்தில் குறுக்கே விரியும், வறண்ட காலத்தில் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. அறுபது செ.மீ. அகலத்தில் இது சில மில்லிமீட்டர்தான். என்றாலும் பலகையைச் சட்டத்தோடு அசைய விடாமல் திருகாணியால் இறுக்கியிருந்தால் வெடிப்பு விழும். என் தச்சர் சட்டத்தில் வட்டத் துளைக்குப் பதிலாக நீள்துளை போட்டு, திருகாணி அதற்குள் நகர வழிவிட்டிருந்தார். பலகையில் இன்றுவரை வெடிப்பு இல்லை. மழை நாட்களில் இழுப்பறை மட்டும் பிடித்துக்கொள்ளும், பக்கங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் வழிக்கு வரும். அண்மையில் விளக்கை இடம் மாற்றியபோது அதன் அடித்தட்டு இருந்த இடத்தில் பழைய நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. சுற்றிலும் உள்ள பலகை வெளிச்சம் பட்டுப் பொன்னிறமாகிவிட்டது, வட்டத்துக்குள் மட்டும் வந்த நாளின் கருவரிகள். இதைக் குறை என்று சொல்கிறவர்கள் லேமினேட் வாங்குவதே நல்லது.

பிரம்பு நாற்காலி பார்க்க அத்தனை லட்சணம். உட்காரும் இடத்தில் பிரம்புப் பின்னல் தொய்ந்தபோது, நாற்காலியைக் கவிழ்த்துப் பின்னலின் அடிப்புறத்தை ஈரத் துணியால் நன்றாக நனைத்து நிழலில் உலரவிட்டேன், மத்தளத் தோல் மாதிரி விறைத்துக்கொண்டது. இது பழைய வித்தை, இன்றும் பலிக்கிறது. ஆனால் நாற்காலி வெளியேறியது அதனால் அல்ல. அதன் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. முழங்கை மேசை மட்டத்துக்கு வர வேண்டுமானால் மெத்தை போட வேண்டும், மெத்தை போட்டால் கால் தரையில் பதியாது. நாள் முழுக்க உட்காருகிறவருக்கு இது ஆகாது. இப்போது வலைமுதுகு உள்ள சாதாரண அலுவலக நாற்காலி. கறுப்பு நிறம், படத்துக்கு ஒவ்வாது. முதுகில் ஒரு கைத்தறித் துண்டைப் போட்டு மறைத்திருக்கிறேன், அவ்வளவுதான். பாணிக்கும் முதுகெலும்புக்கும் சண்டை வந்தால் முதுகெலும்பின் பக்கம் நிற்பதே புத்திசாலித்தனம். பிரம்பு நாற்காலி கூடத்தில் பத்திரிகை படிக்கிறவர்களுக்குச் சேவகம் செய்துகொண்டிருக்கிறது.

சணல் விரிப்பைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது வந்த முதல் மாதம் அழகாக இருந்தது. பிறகு நாற்காலிச் சக்கரங்கள் அதன் இழைகளை மென்று துப்பத் தொடங்கின. மேசைக்கடியில் தினமும் பழுப்புத் தூள். சணல் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சியதை எளிதில் விடாது. மழைக்காலத்தில் நனைந்த சாக்கு வாடை அடித்தது, அதுவும் கட்டிலுக்குப் பக்கத்தில். சலவைக்குப் போடவும் முடியாது. அந்த இடத்தில் இப்போது கெட்டியான பருத்திச் சமுக்காளம், சக்கரம் ஏறாத பகுதியில் மட்டும். மாதம் ஒரு முறை துவைக்கிறேன்.

மூங்கில் பேனாக் குவளை தனிக் கதை. ஒரு நாள் அதன் அடியில் மாவு போன்ற மஞ்சள் தூள் சிறு குவியலாகக் கிடந்தது. துடைத்தேன், மறுநாள் மீண்டும். விளிம்புக்குக் கீழே குண்டூசி முனை அளவில் இரண்டு துளைகள். மூங்கிலில் மாவுச்சத்து அதிகம், அதைத் தின்னும் சிறு வண்டுகள் உள்ளே முட்டையிட்டு, புழு துளைத்துத் துளைத்து அது உளுத்துப்போகும். வெட்டிய மூங்கிலை முறையாகப் பதப்படுத்தாமல் விற்றால் இதுதான் நடக்கும். குவளையைப் பாலிதீன் பையில் கட்டி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து எடுத்தேன். அருங்காட்சியகங்களிலும் பூச்சி விழுந்த பொருள்களைக் குளிரில் உறையவைக்கும் வழக்கம் உண்டு. அதற்குப் பிறகு தூள் உதிரவில்லை. மூங்கில் பொருள் புதிதாக வந்தால் சில வாரம் வெள்ளைத் தாள்மேல் வைத்துக் கவனிப்பது நல்லது. தேக்குப் பலகைக்குப் பக்கத்தில் இந்த விருந்தாளிகள் வேண்டவே வேண்டாம்.

செடிகளுக்கு வருகிறேன். ‘அறைக் காற்றைச் சுத்தமாக்கும்’ என்று சீட்டு ஒட்டி விற்கிறார்களே, அதை நம்பி வாங்க வேண்டாம். அந்தப் பேச்சுக்கு மூலம் 1989இல் நாசா வெளியிட்ட ஆய்வறிக்கை. அது காற்றுப் புகாத அடைத்த பெட்டிகளுக்குள் செய்த சோதனை. இப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் கம்மிங்ஸ், வாரிங் என்ற இருவர் கணக்கிட்டபோது, சாதாரணக் கட்டடத்தின் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவை என்று வந்தது. என் மூலையில் அத்தனை செடிகளை வைத்தால் நான் வராந்தாவில்தான் உட்கார வேண்டும். கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு வேலை பார்த்தால் காற்றோட்டமில்லாத சிறு அறையில் ஓரிரு மணி நேரத்திலேயே கரியமில வாயு 1,000 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் ஆயிரம் பங்கை, தாண்டிவிடும். வெளிக்காற்றில் அது 420க்குச் சற்று மேல். மதியத்து மந்தத்துக்கு மருந்து ஜன்னலைத் திறப்பதுதான்.

கண்ணுக்காகச் செடி வையுங்கள், அது நியாயமான காரணம். ராஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஜன்னல் வழியே மரங்களைப் பார்க்க முடிந்த நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்தபடி கிடந்தவர்களைவிடச் சற்றுச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். மருத்துவமனைக் கட்டிலும் அலுவல் மேசையும் ஒன்றல்ல என்றாலும், திரையிலிருந்து கண்ணை எடுத்தால் பச்சையாக ஏதோ தென்படுவது இதமாகத்தான் இருக்கிறது. என்னிடம் நிலைத்தவை இரண்டு: கண்ணாடிக் குடுவை நீரில் வளரும் மணிபிளாண்ட், ஜன்னலுக்குச் சற்றுத் தள்ளி வைத்த பாம்புக் கற்றாழை. பெரணி இரண்டு முறை கருகிவிட்டது, இனி அதை வாங்கப் போவதில்லை. மண்தொட்டிகளில் ஈரம் நின்றுகொண்டே இருந்தால் குட்டிக் கறுப்பு ஈக்கள் மேல்மண்ணில் முட்டையிடும். பிறகு அவை திரையின் வெளிச்சத்தில் மொய்க்கும், வீடியோ அழைப்பில் மூக்கின்மேல் உட்காரும். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகுதான் நீர் என்று வைத்துக்கொண்டதும் அவை ஒழிந்தன. வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் மணிபிளாண்டை எட்டாத உயரத்தில் வையுங்கள். அதன் இலையில் உள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் கடித்த வாயைப் புண்ணாக்கும்.

துணிகளால் வரும் ஒரு நன்மையை யாரும் அதிகம் பேசுவதில்லை: ஒலி. வெறும் சுவரும் தரையும் உள்ள சிறு அறையில் அழைப்பில் பேசினால் குரல் தகரப் பெட்டிக்குள்ளிருந்து வருவதாக எதிர்முனையில் சொல்வார்கள். பருத்தித் திரை, சமுக்காளம், கட்டிலின் மெத்தை எல்லாம் சேர்ந்து எதிரொலியை விழுங்கிவிட்டன. இந்த விஷயத்தில் படுக்கையறை, தனி அலுவலறையைவிட மேல்.

வயர்களை மேசைக்கடியில் கம்பித் தட்டு ஒன்றில் முடிந்து வைத்திருக்கிறேன்; அதில் விரிவாகச் சொல்ல ஏதுமில்லை. மூடி போட்ட பிரம்புக் கூடைக்கு மட்டும் தனிப் பாராட்டு. மாலையில் லேப்டாப், நோட்டு, ஹெட்போன் எல்லாம் அதற்குள் போய்விடும். தூங்கும் அறையில் வேலை கண்ணில் படாமல் இருக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. மேசைக்கு மேல் இருந்த மூன்று அடுக்கில் இரண்டைக் கழற்றிவிட்டேன். உலர்ந்த பூ, கூழாங்கல், மெழுகுவர்த்தி என்று அடுக்கிய சாமான்கள் தூசு சேர்த்ததைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. சுவர் காலியானதும் அறையே அகலமானதுபோல் இருக்கிறது.

ஜன்னலே இல்லாத மூலைதான் வாய்த்திருக்கிறது என்றால், செடிக்கும் விரிப்புக்கும் முன்பாக விளக்கில் காசைப் போடுங்கள். சுவருக்கு வெளிர் நிறம் அடித்து, விளக்கைச் சுவரிலும் கூரையிலும் படும்படி திருப்பி வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். அங்கே செடி வேண்டுமென்றால் இரண்டு தொட்டிகளாக வாங்கி, ஒன்று மூலையிலும் மற்றொன்று வெளிச்சமுள்ள இடத்திலுமாக இரண்டு வாரத்துக்கொரு முறை மாற்றி வையுங்கள். பாம்புக் கற்றாழை அதற்குச் சம்மதிக்கும், பெரணி சம்மதிக்காது.