ராமேஸ்வரம் பக்கம் 'தனித்தீவு பேக்கேஜ்' என்று அழைத்தால் கொஞ்சம் நில்லுங்கள்

போன மே மாதக் கடைசியில் ராமேஸ்வரம் போய், ஐந்து பேருமாக 12,000 ரூபாய்க்கு மொட்டை போட்டுக்கொண்டு மதுரை திரும்பினோம். கோயிலில் இல்லை, ஒரு டூர் பார்ட்டியிடம்.

லட்சத்தீவு, அந்தமான் எல்லாம் விமான டிக்கெட்டைப் பார்த்ததும் மூடிவைத்த ஆசை. பள்ளிக்கூடம் திறக்கும் முன் மகளுக்கு ஒரு கடலையாவது காட்டலாம் என்று தேடிக்கொண்டிருந்தபோது இன்ஸ்டாவில் ஒரு ரீல் வந்தது. ஆளுக்கு 2,400 ரூபாய், இரண்டு பகல் ஓர் இரவு: மன்னார் வளைகுடாவில் தனித்தீவு, பவளப்பாறை, தனுஷ்கோடி ஜீப், அலையாத்திக் காட்டில் கயாக், கடல் பார்த்த அறை. ரீலில் தண்ணீர்மேல் வரிசையாகக் குடில்கள் நின்றன. ராமநாதபுரம் மாவட்டத்தில் அப்படி எங்கே இருக்கிறது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுவதுதான் என் வேலை, பத்து ரூபாய் வித்தியாசம் வந்தாலும் விடமாட்டேன். அந்த நான் ஒரு தனி ஆள் பெயருக்கு 6,000 ரூபாயை ஜிபேயில் தட்டிவிட்டேன். அதுவரை "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிட்ட தம்பி, பணம் போன மறுநாளே "மேடம்" ஆக்கிவிட்டான்.

அறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடல் தெரிந்தது, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்றால். மீதி 6,000 ரூபாயை அங்கேயே, பையைக் கீழே வைக்கும் முன் வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் விடியலில் வேனில் ஏற்றிப் பாம்பனுக்குத் தெற்கே ஒரு கரையில் இறக்கிவிட்டார்கள். ஜெட்டி இல்லை, டிக்கெட் கவுண்டர் இல்லை, பலகைகூட இல்லை. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் ஓடவில்லை. எங்களுக்காக நின்றது ஒரு பைபர் வள்ளம், அதில் மீன் செதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐந்து பேருக்கு இரண்டே லைப் ஜாக்கெட். ஒன்றில் கொக்கி உடைந்து, நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது. அந்த முடிச்சைத்தான் என் ஒன்பது வயது மகளின் நெஞ்சில் இறுக்கிக் கட்டினேன். இப்போது நினைத்தாலும் என்மேலேயே கோபம் வருகிறது.

படகோட்டி அறுபதைத் தாண்டியவர். வேன்காரன் நகர்ந்ததும் என் மாமனாரிடம் மெதுவாகச் சொன்னார்: "அய்யா, தீவுல எறக்கச் சொல்லிருக்காங்களா? எறக்க முடியாதுய்யா. எறக்குனா எம் போட்டப் புடிச்சுருவாங்க. தூரத்துல நின்னு பாத்துட்டுத் திரும்பிரலாம்."

"தனித்தீவுன்னுதானே காசு வாங்குனான்?" என்றேன்.

"எல்லாரும் இங்க வந்துதாம்மா கேக்குறீக."

கிளம்பிக் கால் கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம், கச்சான் காற்று தூக்கி அடித்தது. வள்ளத்தின் மூக்கு எழும்பி விழுந்தபோதெல்லாம் தண்ணீர் உள்ளே வந்தது. மாமனார் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "திருப்புங்கய்யா" என்றார். திருப்புகிற நேரத்தில் பெரியவர் தூரத்தில் பச்சையாக ஒரு கோட்டைக் காட்டினார். "அந்தா, அதுதான் குருசடை. அதுக்குப் போறதுன்னா குந்துகால்ல பாரஸ்ட்டுக்காரங்க படகு விடுறாங்கம்மா, சீட்டுப் போட்டு. இன்னைக்குக் காத்துக்கு அவுகளே ஓட்ட மாட்டாக." வனத்துறை ஓட்டத் தயங்குகிற கடலில்தான் எங்களை அந்தக் கயிறு முடிச்சோடு அனுப்பியிருந்தான் அந்தத் தம்பி.

கரைக்கு வந்து சட்டையைப் பிழிந்துகொண்டே அவரிடம் பேசினோம். முழு வள்ளத்துக்கும் அவருக்குப் பேசியிருந்தது 800 ரூபாய், அதுவும் இன்னும் கைக்கு வரவில்லை. "அந்தக் காலத்துல சுண்ணாம்புக்குப் பாறைய வெட்டி வெட்டியே ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போயிருச்சும்மா. அதுக்கப்புறந்தான் இவ்வளவு கெடுபிடி" என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், பெரியவர் சொன்னது சரி. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்று இரண்டு. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள 21 தீவுகளும் 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்காவாகிவிட்டன. அந்தத் தீவுகளில் நினைத்தவர் நினைத்தபடி போய் இறங்க முடியாது. அதாவது அந்தப் பார்ட்டி எனக்கு விற்றது, விற்க அவனுக்கு உரிமையே இல்லாத சரக்கு.

பவளப்பாறைக் கணக்கை எப்படி முடித்தார்கள் தெரியுமா? ஒரு சங்குக் கடையில் வேனை நிறுத்தி, "பாருங்க மேடம், கோரல்" என்று அலமாரியைக் காட்டினார்கள். கடைப் பையன் வெள்ளைத் துண்டு ஒன்றைப் பொட்டலம் கட்டி மகள் கையில் திணிக்கப் பார்த்தான், 400 ரூபாய். பவளப்பாறை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. விற்றாலும் வாங்கினாலும் குற்றம், பையில் வைத்திருந்தாலும் மாட்டுவோம். என் வீட்டுக்காரர்தான் பிடுங்கித் திருப்பிக் கொடுத்தார். மகள் அழுதாள்.

மதியம் தனுஷ்கோடி. பேக்கேஜில் இருந்த 'ஜீப்' வழியில் புதுரோடு என்கிற இடத்தோடு நின்றுவிட்டது. இதற்கு மேல் வேறு ஜீப்தான் போகும், தலைக்கு 350 என்றான் டிரைவர். 2017-க்கு முன்னால் அது உண்மை. 1964 புயலில் ஊர் அழிந்தபின் தார்ச்சாலையே கிடையாது, மணலில் வேன்களும் ஜீப்புகளும்தான் ஆட்களை ஏற்றிப் போயின. இப்போது முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டருக்குச் சாலை போட்டாயிற்று. வெளியூர்க்காரனுக்கு இது தெரியாது என்கிற நம்பிக்கையில்தான் இந்தப் பழைய பாட்டை இன்னும் பாடுகிறார்கள். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் முதுகுக்குப் பின்னால் அரசு டவுன் பஸ் ஒன்று வந்தது. கையைக் காட்டி ஏறிக்கொண்டோம். சில்லறைக் காசில் அரிச்சல்முனை. ஒரு பக்கம் பெண் கடல் என்று சொல்கிற வங்கக் கடல் குளம்போலக் கிடக்க, மறு பக்கம் ஆண் கடல் என்கிற மன்னார் வளைகுடா காலையில் எங்களை மிரட்டிய அதே கோபத்தோடு மோதிக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் மகள் சிரித்தது அந்த ஒரு மணி நேரம்தான், அது பேக்கேஜில் இல்லாத செலவு. பஸ்ஸில் போகிறவர்கள் கொஞ்சம் சீக்கிரமே போங்கள், சாயங்காலத்துக்கு மேல் அங்கே யாரையும் விடுவதில்லை.

கயாக்கும் நடக்கவில்லை. "காரங்காட்டுல ரோடு வேலை மேடம்" என்றான். ஊருக்கு வந்தபின் அந்தப் பக்கத்துக்காரர் ஒருவரிடம் விசாரித்தேன். அப்படி ஒரு வேலையும் நடக்கவில்லையாம். வனத்துறையும் அந்தக் கிராமத்து மக்களும் சேர்ந்தே அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள், கயாக்கும் உண்டு. நேராகப் போய்க் கேட்டாலே போதுமாம்.

கணக்குக்காரி ஆயிற்றே, உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். விலைப்பலகைப்படி அறை இரண்டும் சேர்த்து 3,000, வள்ளம் 800, வேனுக்கு மிஞ்சிப்போனால் 3,500. மீதி 4,700 ரூபாய் எங்கள் அறியாமைக்குக் கட்டிய கட்டணம். பணம் போனதைவிட அந்தக் கயிறு முடிச்சுதான் உறுத்துகிறது.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்தேன். காட்டுவதற்கு என்னிடம் ஒரு ஸ்கிரீன்ஷாட் தவிர ரசீது இல்லை, கம்பெனி பெயர் இல்லை, முகவரி இல்லை. கூகுளில் இரண்டு வரி எழுதிப் போட்ட பிறகுதான் அவனே கூப்பிட்டான். மறுபடி "அக்கா". 2,000 ரூபாய் அனுப்பினான், எழுதியதை எடுக்கச் சொன்னான். நான் எடுக்கவில்லை.

பெயரைச் சொல்லுங்கள் என்று யாரும் கேட்க வேண்டாம். நாங்கள் திரும்பிய இரண்டாவது வாரமே அந்தப் பக்கத்தின் பெயர் மாறிவிட்டது, குடில்கள் உள்ள ரீல் மட்டும் அப்படியே ஓடுகிறது. போன வாரம் எங்கள் கடையில் பில் போடும் பெண் அதே ரீலை என்னிடம் காட்டி, "அக்கா, போலாமா?" என்றாள். வாட்ஸ்அப்பில் இரண்டு கேள்வி மட்டும் கேட்கச் சொன்னேன்: எந்தத் தீவு, பெயர் என்ன? வனத்துறைச் சீட்டு எங்கள் கைக்கு வருமா?

இரண்டு நீல டிக் விழுந்தது. டீ வருவதற்குள் அவன் போட்டோ மறைந்துவிட்டது, அவளை பிளாக் செய்துவிட்டான்.