"டைப்-சி போர்ட் போயிடுச்சு" என்று கடையில் சொன்னால் லேப்டாப்பை விட்டுவிட்டு வராதீர்கள்

லேப்டாப்பில் இரண்டாவது மானிட்டர் மாட்ட அடாப்டர் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எனக்கு நடந்தது. அங்கே நியாயமாக வியாபாரம் செய்கிற கடைகள் நிறைய உண்டு. நான் போன கடை அப்படியில்லை.

என் லேப்டாப்பில் இருக்கிற ஒரே ஹெச்டிஎம்ஐ போர்ட்டில் ஏற்கெனவே ஒரு மானிட்டர் ஓடுகிறது. இன்னொன்றை டைப்-சி வழியாக மாட்டலாமா என்று மாடல் நம்பரைக் காட்டித்தான் கேட்டேன். "டைப்-சி இருந்தா போதும் சார், எல்லாத்துலயும் ஓடும்" என்று 1,400 ரூபாய்க்கு ஒரு அடாப்டரைக் கொடுத்தார்கள். மாட்டிக் காட்டச் சொன்னால், கடையில் மானிட்டர் இல்லையாம்.

வீட்டில் செருகியதும் அடாப்டரில் நீல விளக்கு எரிந்தது. மானிட்டரில் 'நோ சிக்னல்'. கேபிளை மாற்றியாச்சு, மானிட்டரின் இன்புட்டை மாற்றியாச்சு, விண்டோஸ் கீயோடு பி (P) அழுத்தி எக்ஸ்டெண்ட் கொடுத்தாச்சு, கிராஃபிக்ஸ் டிரைவரையும் அப்டேட் செய்தாச்சு. அசையவில்லை.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். செல்போன் டார்ச்சை போர்ட்டுக்குள் அடித்துப் பார்த்தவர், "உள்ள பின் கருகியிருக்கு சார், போர்ட் போயிடுச்சு. மதர்போர்டு வேலை, 4,500 ஆகும், விட்டுட்டுப் போங்க" என்றார். அதே போர்ட்டில் பென்டிரைவ் நன்றாக ஓடுகிறதே என்றேன். "அது டேட்டா லைன், இது டிஸ்ப்ளே லைன்" என்று சட்டென்று பதில் வந்தது. விவரம் தெரியாத ஒரு கல்லூரிப் பிள்ளையோ வயதானவரோ அங்கேயே அட்வான்ஸ் கொடுத்திருப்பார். என் ஆத்திரமெல்லாம் இதில்தான். அடாப்டர் காசு போனால் போகட்டும், நல்ல லேப்டாப்பைப் பிரிக்கப் பார்த்தார்களே!

தயாரிப்பாளரின் தளத்தில் என் மாடலின் விவரப் பக்கத்தைப் பார்த்தேன். டைப்-சி போர்ட்டுக்கு எதிரே 'டேட்டா மட்டும்' என்றிருந்தது. படம் அனுப்பும் வசதியே அதில் வைக்கவில்லை, அப்புறம் எப்படிக் கெட்டுப்போகும்? அதே அடாப்டரை நண்பரின் லேப்டாப்பில் செருகினோம், உடனே படம் வந்தது.

டைப்-சி என்பது துளையின் வடிவம் மட்டும்தான். அதில் படம் வர 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' அல்லது தண்டர்போல்ட் என்ற வசதி இருக்க வேண்டும். போர்ட் பக்கத்தில் ஆங்கில D எழுத்துக்குள் P நுழைந்தது போன்ற சின்னமோ, அம்பு முனையுள்ள மின்னல் சின்னமோ இருந்தால் படம் வரும். சில லேப்டாப்களில் சின்னமே போடுவதில்லை, அதனால் விவரப் பக்கத்தைப் பார்ப்பதுதான் உறுதி. அடாப்டரில் விளக்கு எரிவதற்குக் கரண்ட் போகிறது என்று மட்டுமே அர்த்தம்.

டேட்டா மட்டும் உள்ள போர்ட்டுக்கும் வழி உண்டு. டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள அடாப்டர் யுஎஸ்பி டேட்டா வழியாகவே படத்தை அனுப்பும். விலை கூடுதல், டிரைவர் போட வேண்டும், கேம் ஆட ஏற்றதல்ல. எக்ஸெல், மெயில் வேலைக்குத் தாராளமாகப் போதும். இப்போது எனக்கு அதுதான் ஓடுகிறது.

பழைய விஜிஏ மானிட்டர் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். ஹெச்டிஎம்ஐ டிஜிட்டல், விஜிஏ அனலாக். நடுவில் மாற்றிக் கொடுக்கும் சிப் இல்லாத வெறும் கேபிளில் படம் வராது. இந்த அடாப்டர்கள் பெரும்பாலும் ஒருவழிப் பாதை, எதிலிருந்து எதற்கு என்று சொல்லி வாங்குங்கள்.

அடாப்டரைத் திருப்பி எடுக்கக் கடையில் மறுத்துவிட்டார்கள். பில் கேட்டபோது கொடுத்தது கடைப் பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டு. கேட்டும் பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். நான் ஜிபே-யில் கட்டியதால் பணம் போனதற்கு ஆதாரம் இருக்கிறது. அதையும் விவரப் பக்கத்தையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். இதே மாதிரி "மதர்போர்டு வேலை" என்று சொல்லி யாரிடமாவது பணம் வாங்கியிருந்தால் நீங்களும் பதியுங்கள்.