பல்லின் ஓரம்தான் உடைந்தது, போனது ஒரு மாதச் சம்பளம்

கோபத்தில்தான் எழுதுகிறேன். முன்பல்லின் ஓரம் துளி உடைந்ததற்கு என் ஒரு மாதச் சம்பளத்தை முழுசாகக் கொட்டிவிட்டு, நன்றாக இருந்த பல்லையும் பறிகொடுத்து நிற்கிறேன். இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஊரெல்லாம் கிளைகள், கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் சிரிக்கிற முகம் போட்ட போர்டு, தவணைக்குத் தனி கவுண்டர். அந்த வகைப் பல் கிளினிக். பல் உடைந்தால் என்னென்ன செய்யலாம் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தூக்கி வைத்திருந்த குழந்தை சட்டென்று தலையை நிமிர்த்த, மேல்வரிசை முன்பல்லில் இடித்து ஓரம் தெறித்தது. ரத்தம் வரவில்லை, பல் ஆடவில்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்று கூசும், விழுங்கியதும் கூச்சம் நின்றுவிடும். இந்தக் கடைசி விவரத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பார்த்த டாக்டருக்கு என் அப்பா வயது இருக்கும். அவ்வளவு தன்மையான பேச்சு. எக்ஸ்ரே எடுத்துப் பெரிய திரையில் போட்டு, பல்லின் நடுவில் கருப்பாகத் தெரிந்த கோட்டைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். "இதுதான் நரம்பு. உடைஞ்ச இடத்துக்கும் இதுக்கும் மயிரிழைதான். இப்படியே விட்டா சீழ் பிடிச்சுப் பல்லே போயிடும்." நான் யோசிப்பதைப் பார்த்ததும் தோளில் கை வைத்தார். "பயப்படாதீங்க தம்பி, என் பையனா இருந்தாலும் இதைத்தான் செய்வேன்." அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கார்டை நீட்டினேன். பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்து அடைக்கும் ரூட் கனால், மேலே ஜிர்கோனியா கிரவுன் என்ற பீங்கான் மாதிரித் தொப்பி, ஆயுள் முழுக்க வாரண்டி என்று பளபளப்பாக ஓர் அட்டை. இன்றைக்கே முழுப் பணமும் கட்டினால் தள்ளுபடியாம். தள்ளுபடி போக ஒரு மாதச் சம்பளம்!

கிரவுன் மாட்டிக் கண்ணாடியைக் கொடுத்தார்கள். பக்கத்துப் பல் ஒரு நிறம், இது குளியலறை டைல்ஸ் மாதிரி வெள்ளை. நிறம் பார்த்ததே வாயை வெகுநேரம் திறந்து வைத்துப் பல் காய்ந்த பிறகுதான். காய்ந்த பல் வெளுத்துத் தெரியும், அதனால் உட்கார்ந்ததும் முதல் வேலையாக நிறத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். நிறம்கூடப் போகட்டும். சுற்றி ஈறு வீங்கி, பிரஷ் பட்டாலே ரத்தம்.

போன் செய்தால் ரிசப்ஷனில், "பழகிடும் சார்." நேரில் போனால், "அந்த டாக்டர் இப்ப வேற கிளையில இருக்கார் சார்." அந்தக் கிளையில் கேட்டால், எங்கே வேலை நடந்ததோ அங்கேயே பார்க்க வேண்டுமாம். வாரண்டி அட்டையை நீட்டினேன். கிரவுன் இரண்டாக உடைந்தால்தான் வாரண்டி, நிறத்துக்கும் ஈறுக்கும் கிடையாதாம். சரி, என் எக்ஸ்ரேயையாவது கொடுங்கள் என்றால் சிஸ்டத்தில் இல்லையாம். பணம் வாங்கிய ரசீது மட்டும் சிஸ்டத்தில் பத்திரமாக இருக்கிறது.

திரையில் எக்ஸ்ரே ஓடியபோது செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். அதோடு வேறொரு பல் மருத்துவரிடம் போனேன். போட்டோவை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன் என்றுதான் அவர் ஆரம்பித்தார். ஆனால் உடைந்த இடத்துக்கும் நரம்புக்கும் நடுவே தாராளமாக இடம் இருந்ததைக் காட்டினார். குளிர் பட்டுக் கூசி உடனே அடங்கியது என்றால் நரம்பு பெரும்பாலும் நல்லபடியாக இருந்திருக்கும் என்றார். "குளிர் வச்சு டெஸ்ட் பண்ணாங்களா? தட்டிப் பார்த்தாங்களா?" இரண்டும் இல்லை.

அவர் சொல்லித்தான் விஷயமே புரிந்தது. மேலே எனாமல், அதன் கீழே டென்டின், நடுவில் பல்ப். நரம்பும் ரத்தக்குழாயும் பல்ப்பில்தான். எனாமல் மட்டும் சிதறினால் முனையைத் தேய்த்து வழவழப்பாக்கினாலே போதும். டென்டின் தெரிந்தால் கூசும், அதைக் காம்போசிட் என்ற பல் நிறப் பிசின் கலவையால் மூடிக் கட்டிவிடலாம். அமில ஜெல் தடவி எனாமலைச் சொரசொரப்பாக்கி, பசை பூசி, அடுக்கடுக்காக வைத்து நீல ஒளியில் இறுக்குவார்கள். பெரும்பாலும் ஒரே உட்காரலில் வேலை முடிந்துவிடும். அமிலம் தொட்டால் எனாமலில் பிசின் நன்றாகப் பிடிக்கும் என்பது 1955இலேயே தெரிந்த சங்கதி! பல்ப் திறந்து ரத்தப் புள்ளி தெரிந்தால்தான் நரம்புச் சிகிச்சை பற்றிய பேச்சே வரும். அப்போதுகூடப் பல்ப்பின் மேற்பகுதியை மட்டும் எடுத்து மூடி மீதி நரம்பைக் காப்பாற்றுவது உண்டு, முக்கியமாக வேர் வளர்ந்து முடியாத பிள்ளைகளுக்கு.

எனக்கு நடந்தது? கிரவுன் மாட்டுவதற்காக நல்ல பல்லைச் சுற்றிலும் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை ராவியாயிற்று. எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைத்ததோடு போய்விடும், அதனால் அது திரும்ப வளராது. காம்போசிட் உடைந்தால் இன்னொன்று வைத்துக்கொள்ளலாம், ராவியதை யார் திருப்பித் தருவார்கள்? ஒரு மாதச் சம்பளத்தை எப்படியாவது மறுபடி சம்பாதித்துவிடுவேன், பல்லை என்ன செய்வது? இப்போது ஈறு குணமாக வேண்டுமென்றால் இந்தக் கிரவுனைக் கழற்றிப் புதிதாக மாட்ட வேண்டுமாம், அது தனிச் செலவு.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு: ரூட் கனால் என்றால் குளிர் டெஸ்ட் செய்தீர்களா என்று கேளுங்கள். எக்ஸ்ரே நகலைக் கையில் வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். ரத்தம் வந்தாலோ, பல் ஆடினாலோ, வலி நிற்காமல் இருந்தாலோ அன்றைக்கே ஓடுங்கள். இல்லையென்றால் இன்னொரு மருத்துவரைக் கேட்க நேரம் இருக்கிறது. அடிபட்ட நரம்பு சில சமயம் மாதங்கள் கழித்தும் செத்துப்போகும், பல் கருத்தாலோ ஈறில் கொப்புளம் வந்தாலோ விட்டுவிடாதீர்கள். உடைந்த துண்டு கிடைத்தால் பாலிலோ தண்ணீரிலோ போட்டு எடுத்துப் போங்கள், அதையே ஒட்ட முடிகிற சமயங்கள் உண்டு. என் துண்டைக் கொண்டுபோய்த்தான் கொடுத்தேன், பார்க்காமலேயே குப்பைக் கூடையில் போட்டார்கள்.