நூறு ரூபாய் கூலி கொடுத்துச் சேமிக்கிறவர்கள்

வறுமையைப் பற்றிய புத்தகம் என்றால் அட்டையில் ஒட்டிய வயிறும் உள்ளே கண்ணீரும் இருக்கும் என்று நான் பெரும்பாலும் ஒதுங்கிவிடுவேன். ஸ்டூவர்ட் ரூதர்ஃபோர்டின் 'தி புவர் அண்ட் தெயர் மணி' அந்த ரகம் இல்லை. முழுக்கக் கூட்டல் கழித்தல். ஏழை வீட்டுக்குள் பணம் எப்படி வருகிறது, எங்கே ஒளிகிறது, யார் கைக்கு மாறுகிறது, இதுதான் புத்தகம். 2000-ல் மெல்லிசாக வந்தது. 2009-ல் சுக்விந்தர் சிங் அரோராவும் சேர்ந்து விரித்து எழுதிய பதிப்பு வந்தது. சிறுகடன் வட்டாரத்தில் இருப்பவர்களுக்குப் பழக்கமான பெயர். மற்றபடி நான் சொல்லிப் பார்த்த யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

நான் மதுரையில் ஒரு நகைக்கடையின் சீட்டு கவுன்டரில் உட்காருகிறவள். பதினொரு மாதத் தவணை கட்டி, பன்னிரண்டாம் மாதம் நகை எடுக்கிற சீட்டு. அதனால் இந்தப் புத்தகத்தை ஒரு தொழில்காரியின் கண்ணோடுதான் படித்தேன்.

ஆரம்பத்திலேயே ஜோதி வந்துவிடுகிறார். விஜயவாடாவின் குடிசைப் பகுதிகளில் வீடு வீடாகப் போய்ச் சேமிப்பு வசூலிப்பவர். அவர் கொடுக்கும் அட்டையில் 20 பத்தி, 11 வரிசை, மொத்தம் 220 கட்டம். நாளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு 5 ரூபாய் என்றால், எல்லாம் நிரம்பும்போது 1,100 ரூபாய். ஜோதி 1,000-ஐத் திருப்பிக் கொடுப்பார். மிச்சம் 100 அவர் கூலி. போட்டவருக்கு வட்டி கிடையாது, போட்டவர்தான் பணம் கொடுக்கிறார்! சராசரியாக 550 ரூபாய் அவரிடம் இருந்தது என்று வைத்துக் கணக்குப் போட்டால், வருடத்துக்கு 30 சதவீதம் வருகிறது. தலைகீழ் வட்டி.

படித்த மனிதர்கள் இதைப் பார்த்ததும் 'பாவம், விவரம் தெரியாதவர்கள்' என்பார்கள். ரூதர்ஃபோர்ட் ஜோதியிடம் பணம் போடுகிற ஒரு பெண்ணிடமே போய்க் கேட்கிறார். ஜூலையில் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு 800 ரூபாய் போல வேண்டும். வீட்டுக்காரர் தினக்கூலி, மொத்தமாக எடுத்து நீட்ட முடியாது. பிள்ளைகள் படிப்பு மனைவியின் பொறுப்பு என்றும் நினைப்பவர். வீட்டில் வைத்தால் அன்றன்றைய செலவே தின்றுவிடும். ஒரு நாளைக்கு அரை ரூபாய்கூட ஆகவில்லை, அதற்கு ஒருத்தி தினமும் வாசலுக்கே வந்து வாங்கிப் போகிறாள் என்றால் அந்தப் பெண்ணுக்கு அது மலிவு. அவர் போடுகிற கணக்கில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

எங்கள் கவுன்டருக்கு வருகிற ஒரு பூக்காரம்மா இதையே வேறு மாதிரி சொல்வார். சுருக்குப்பையிலிருந்து பத்தும் இருபதுமாக எடுத்து, பூவின் ஈரம் பட்டு ஒட்டிக்கொண்ட நோட்டுகளை ஊதி ஊதிப் பிரித்து எண்ணுவார். "கையில கெடந்தா கரைஞ்சு போயிரும் தாயி, உங்கிட்ட கெடக்கட்டும்." சீட்டு முடிந்து அவர் எடுக்கும் மோதிரம் விரலில் ரொம்ப நாள் இருக்காது. ஜூனில் பேத்தியின் நோட்டுப் புத்தகத்துக்காக அடகுக் கடைக்குப் போகும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மீண்டு வரும்.

ரூதர்ஃபோர்ட் இதை மூன்று வழியாகப் பிரிக்கிறார். சிறுகச் சிறுகச் சேர்த்துக் கடைசியில் மொத்தமாக எடுப்பது ஒன்று. முதலிலேயே மொத்தமாக வாங்கிவிட்டு அப்புறம் கட்டுவது, அதாவது கடன், இன்னொன்று. கட்டிக்கொண்டே இருந்து நடுவில் ஒரு நாள் எடுப்பது மூன்றாவது: நம் குலுக்கல் சீட்டு, ஏலச்சீட்டு எல்லாம் இதில் அடங்கும். நைரோபிச் சேரியில் காய்கறி விற்கும் மேரியும் கூட்டாளிகளும் ஆளுக்கு 100 ஷில்லிங் தினமும் போட்டு முறைவைத்து எடுக்கிறார்கள். இங்கே மதுரை செல்லூரில் கொண்டுவந்து விட்டால் மறுநாளே மேரியைச் சீட்டுப் பிடிக்கச் சொல்லிவிடுவார்கள்.

மூன்றும் அடியில் ஒரே வேலைதான் என்கிறார் அவர். சில்லறையை மொத்தப் பணமாக மாற்றுவது. வறுமை என்றால் வருமானம் குறைவு என்பது மட்டும் இல்லை. அது நினைத்த நாளில் வருவதும் இல்லை. கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, கூரை என்று செலவோ ஒரே நாளில் பெரிதாக வந்து நிற்கும். இதைப் படித்தபின், ஜோதியின் அட்டையும் தண்டல்காரரின் அட்டையும் ஒரே ஜாதி என்று புரிந்தது. பணம் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதுதான் வித்தியாசம்.

ஆனால் இந்த இடத்தில்தான் எனக்கு அவரோடு மல்லுக்கட்டு. விஜயவாடாவிலேயே ஒரு வட்டிக்காரரையும் காட்டுகிறார்: 15 சதவீதத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டு பத்து வாரத்தில் வசூலிப்பவர். நம் ஊரிலும் பத்தாயிரம் என்று எழுதி எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுப்பது சாதாரணம். அதையும் ஒரு சேவைக்கான கட்டணமாகவே நிதானமாக விளக்கிக்கொண்டு போகிறார். கணக்கு சரிதான். தவணை தவறிய அன்று வாசலில் வண்டியை நிறுத்தித் தெருவே கேட்கப் பேசுகிற பேச்சுக்கு அவர் கணக்கில் பத்தி எங்கே? கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்தது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பம் கந்துவட்டிக் கொடுமை என்று தீக்குளித்தது. இரண்டாம் பதிப்பு வந்த மறு வருடம், 2010-ல், சிறுகடன் நிறுவனங்களின் வசூலைக் கட்டுப்படுத்த ஆந்திர அரசே அவசரச் சட்டம் போட வேண்டியிருந்தது. அவமானம் என்ற செலவுக்குப் புத்தகத்தில் போதிய இடம் இல்லை.

தங்கத்துக்கும் இடம் குறைவு. எனக்கு இது தொழில் கோபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் ஒரு கிராம் கம்மல் என்பது சேமிப்பும் அதுதான், கடனுக்கு ஈடும் அதுதான். பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய்விருந்தையும் (விருந்து வைத்து ஊராரிடம் மொய்யாக மொத்தப் பணம் திரட்டி, அவரவர் விருந்தில் திருப்பிச் செய்கிற வழக்கம்) அவர் வந்து பார்த்திருந்தால் தனி அத்தியாயமே எழுதியிருப்பார்.

அவரை வெறும் வேடிக்கை பார்ப்பவர் என்று சொல்லிவிட முடியாது. 1996-ல் டாக்காவில் 'சேஃப்சேவ்' என்று ஆரம்பித்து, வசூல்காரர்கள் தினமும் வீட்டுக்கே போவது, முடிந்ததைப் போடலாம், வேண்டியபோது எடுக்கலாம் என்று நடத்திக் காட்டினார். அதாவது ஜோதியின் வேலையை ஒரு நிறுவனமாக ஆக்கிவிட்டார்.

பிடித்துப்போனால் அடுத்து 'போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் தி புவர்' (2009) எடுக்கலாம். ரூதர்ஃபோர்ட் உட்பட நான்கு பேர் எழுதியது. வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா மூன்றிலும் 250-க்கும் மேற்பட்ட வீடுகளின் வரவு செலவை ஒரு வருடம் விடாமல் குறித்திருக்கிறார்கள். மாதம் 70 டாலர் வருமானத்தில் வாழும் டாக்காவின் ஹமீத், கதீஜா தம்பதிக்கு எத்தனை இடத்தில் கொடுக்கல் வாங்கல் என்று பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். ஆனால் அது கனமான புத்தகம், அட்டவணைகள் வேறு. சின்னதை முதலில் படியுங்கள். ஆங்கிலம் எளிதாகத்தான் இருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுக் கணக்கு எழுதுகிற பெண்கள் பேனாவோடு உட்கார்ந்தால் ஓரத்திலேயே தங்கள் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்.