காரைக்குடியில் நடந்த ஆறு ஞாயிறு விவிலிய வகுப்பு: ஒரு மதிப்புரை

கல்லூரியில் படிக்கும் என் மகன், யோவான் நற்செய்தியில் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைப் பற்றிய பகுதி மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் இல்லை என்று எங்கோ படித்துவிட்டு, "அப்படியானால் மற்றதை மட்டும் எப்படி நம்புவது, அம்மா?" என்று கேட்டான். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் இங்குள்ள ஒரு கத்தோலிக்கப் பங்கில், விவிலியம் நமக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பற்றித் தவக்காலத்தின் ஆறு ஞாயிறுகளிலும் வகுப்பு நடக்கும் என்று அறிவித்தார்கள். 300 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன்.

முதல் வகுப்பு நூல்களின் பட்டியலோடு முடிந்துவிட்டது; மறைக்கல்வி படித்தவர்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. இரண்டாம் வகுப்பில் ஃபாதர் ஒரு சிறு தாளை எங்கள் கைகளில் சுற்றவிட்டார். மான்செஸ்டரில் பாதுகாக்கப்படும் பாப்பிரசு என்னும் பழங்கால நாணல் தாளின் ஒரு துண்டுக்கு உண்மை அளவு நகல் அது. ஒன்பது சென்டிமீட்டர் உயரம்கூட இல்லாமல், ஒரு வெற்றிலைக்குள் அடங்கிவிடும் அந்தத் துண்டின் இரு பக்கங்களிலும் இயேசு பிலாத்துவின் முன் நின்ற காட்சியின் சில வரிகள் கிரேக்கத்தில் இருக்கின்றன. அதைப் பெரும்பாலான அறிஞர்கள் இரண்டாம் நூற்றாண்டினது என்கிறார்கள். அடுத்து, 1947-இல் சாக்கடல் அருகே கிடைத்த சுவடிகளுள் ஒன்றான, பழைய ஏற்பாட்டின் எசாயா நூலைக் கொண்ட சுருளைப் பற்றிச் சொன்னார். ஏழு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள அந்தச் சுருள், அதுவரை கையில் இருந்த முழுமையான எபிரேயப் படிகளைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழையது. எழுத்திலும் சொல்லிலும் வேறுபாடுகள் பல இருந்தாலும், நாம் வாசிக்கும் அதே எசாயாவே அதில் இருக்கிறது.

இந்த வகுப்புக்கு ஆறு வாரமும் போகத் தகும் என்று நான் சொல்வதற்குக் காரணம் மூன்றாம் ஞாயிறு. என் மகனின் கேள்வியை ஃபாதர் சுற்றி வளைக்காமல் எடுத்துக்கொண்டார். நான்காம் நூற்றாண்டின் பெரிய கிரேக்கப் படிகளில் அந்தப் பகுதி இல்லை என்பதையும், பிற்காலப் படிகள் சிலவற்றில் அது லூக்கா நற்செய்திக்குள் போய் அமர்ந்திருக்கிறது என்பதையும் அவரே சொன்னார். பிறகு, 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய இந்த ஊரில் இதை விளக்குவது எளிது என்று கூறி, பதிப்பாசிரியர்கள் ஏடுகளை ஒப்பிட்டுக் கம்பனுடையவை அல்ல, பின்னால் சேர்ந்தவை என்று கருதிய மிகைப் பாடல்களைத் தனியே பிரித்து வைத்ததை நினைவூட்டினார். மிகை எது என்று தெரிவதே பல ஏடுகள் தப்பிப் பிழைத்ததால்தான். ஒரே ஏடு இருந்திருந்தால் ஏட்டுக்கு ஏடு சொல் மாறும் பாடபேதமும் இராது, ஒப்பிட்டுத் திருத்த வழியும் இராது என்று அவர் சொன்னபோது, மகனுக்குச் சொல்ல வேண்டிய பதில் எனக்குக் கிடைத்துவிட்டது.

என் மாமியார் சி.எஸ்.ஐ. என்னும் புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவர். அவருடைய பழைய வேதாகமத்தில் முதலாம் யோவான் ஐந்தாம் அதிகாரத்தில் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று பரலோகத்தில் சாட்சியிடும் மூவரைச் சொல்லும் வசனம் இருக்கிறது. கத்தோலிக்கர்களான நாங்கள் வாசிக்கும் திருவிவிலியத்தில் இல்லை. அது இலத்தீன் மரபிலிருந்து வந்தது, புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் அச்சிட்ட அறிஞர் எராஸ்மஸ் தம் பதிப்பில் முதலில் விட்டு 1522-இல்தான் சேர்த்தார் என்று அறிந்தபின், இரண்டு நூல்களையும் அருகருகே விரித்து மாமியாரோடு வாசித்தேன். அவருக்கு வருத்தம் இருந்தது. ஆனாலும் மூவொரு கடவுள் மீதான நம்பிக்கை அந்த ஒரு வசனத்தைத் தூணாகக் கொண்டு நிற்கவில்லை என்பதை அவரே எடுத்துச் சொன்னார்.

குறையும் உண்டு. யோசுவா நூலில் ஊர்களை அழிக்கச் சொல்லும் பகுதிகளைப் பற்றி ஒரு பெண் கேட்டபோது, நேரமில்லை என்று கால்மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். நம் மீட்புக்காகக் கடவுள் தர விரும்பிய உண்மையை மறைநூல் பிழையின்றிக் கற்பிக்கிறது என்னும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1965-ஆம் ஆண்டுப் போதனையை வாசித்தார்கள். அதை இத்தகைய கடினமான பக்கங்களில் எப்படிப் பொருத்துவது என்பதற்கே ஒரு முழு ஞாயிறு வேண்டும். இன்றைய இளைஞர்களை உறுத்துவது படிகளைவிட இந்தக் கேள்விதான். கையேட்டின் எழுத்தும் மிகச் சிறியது. முதியவர்கள் பலர் அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்கள்.

அடுத்த வகுப்பில் சேர்பவர்கள் வீட்டிலிருக்கும் இரண்டு மொழிபெயர்ப்புகளையும் கையோடு கொண்டு போங்கள். முடிந்தால் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். என் மகன் நான்காம் வாரத்திலிருந்து என்னோடு வந்தான். கடைசி ஞாயிறு யோசுவாவைப் பற்றி மீண்டும் கேட்டவன் அவன்தான்.